தவறான கேமரா வாங்காத ஊர்

கேமராக் கடையில் கேமராவைத் தவிர மற்ற எல்லாவற்றையும் உடனே வாங்கிவிடலாம் என்பது லிஃப்ட்காரருக்கு அன்றுவரை தெரியாது. பை வாங்கலாம், தோளில் மாட்டும் பட்டை வாங்கலாம், மூன்று கால் ஸ்டாண்டு வாங்கலாம், லென்ஸ் துடைக்கிற மஞ்சள் துணியை டஜன் கணக்கில் அள்ளிக்கொண்டு போகலாம். கேமரா என்று வாயெடுத்ததும் விற்பனையாளர் கையைக் கட்டிக்கொண்டார்.

"இதுதான் முதல் கேமராவா சார்?"

"ஆமாங்க. இதுவரைக்கும் போன்லதான் எடுத்திருக்கேன்."

"அப்போ பேரவைக் கடுதாசி வேணும். அது இல்லாம கண்ணாடி அலமாரியத் திறக்கக்கூடாது."

"இதுவரைக்கும் எத்தனை பேர் கடுதாசி கொண்டுவந்திருக்காங்க?"

விற்பனையாளர் கூரையைப் பார்த்து யோசித்தார். "நான் வேலைக்குச் சேந்து பதினாலு வருஷம்தான் ஆகுது சார்" என்றார்.

"அப்புறம் கடை எப்படி ஓடுது?"

"துணி விக்கிறோம்ல."

லிஃப்ட்காரர் இருபத்தாறு வருடமாக மாடிக் கட்டடங்களின் லிஃப்டுகளைப் பழுதுபார்ப்பவர். இரண்டு மாடிகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டவர்களோடு கதவிடுக்கு வழியாகப் பேசிப் பேசி, அவருக்குப் பதறாத ஒரு குரல் அமைந்துவிட்டது. இயந்திரம் என்றால் அதற்கு ஒரு வேலை இருக்கும், அந்த வேலையைச் செய்தால் நல்ல இயந்திரம், செய்யாவிட்டால் ஸ்க்ரூ டிரைவரை எடுக்க வேண்டியதுதான் என்பது அவர் கட்சி. இந்த எளிய கட்சியோடு அவர் பேரவைக்குப் போனார் என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் வயிற்றெரிச்சலாக இருக்கிறது.

அவருக்கு எதற்குக் கேமரா என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அவருடைய அப்பா முப்பத்திரண்டு வருடம் பஸ் ஓட்டியவர். அவர் பார்வையின் நட்டநடுவில் ஒரு கறை விழுந்து, நாளுக்கு நாள் பெருத்துக்கொண்டிருந்தது. ஓரங்கள் தெரிந்தன. கதவு, நாற்காலி, எதிரே ஆள் நிற்பது எல்லாம் தெரிந்தது. நேராகப் பார்த்தால், பார்க்கிற பொருள்தான் காணாமல் போனது. "ரெண்டு மாசம் தாங்கும். அதுக்கு மேல நான் எதுவும் சொல்றதுக்கில்ல" என்று கண் டாக்டர் கையைக் கழுவிக்கொண்டே சொல்லிவிட்டார்.

அப்பாவுக்கு ஒரு மகளும் உண்டு. ஒன்பது வருடத்துக்கு முன்னால் அவருக்குப் பிடிக்காத கல்யாணம் செய்துகொண்டு, மூன்று நாள் கப்பல் பயணத்தில் இருக்கும் ஒரு தீவுக்குப் போய்விட்டாள். மீனை டப்பாவில் அடைக்கும் தொழிற்சாலையும் அதன் குடியிருப்பும்தான் அந்தத் தீவு. மாதம் ஒரு கப்பல். அவள் புறப்பட்ட அன்று அப்பா, "உன் வாசலை நான் மிதிக்கமாட்டேன், என் வாசலை நீ மிதிக்காத" என்று சொன்னார். சொன்ன சொல்லை இரண்டு பேருமே காப்பாற்றினார்கள். வீம்பு ஒரே உலையில் வடித்தது. அவளுக்கு ஏழு வயதில் ஒரு பெண் குழந்தை இருக்கிறது என்பது அண்ணன் வழியாக வந்த செய்திதான்.

டாக்டரிடம் போய்விட்டு வந்த மறுநாள் அப்பா மகனைக் கூப்பிட்டார்.

"அவ மூஞ்சிய ஒரு தடவ பாக்கணும்டா. அந்தப் பொடிசு மூஞ்சியையும்."

"அதுக்கென்னப்பா, ரெண்டு பேரும் போயிட்டு வருவோம்."

"மிதிக்கமாட்டேன்னு சொல்லியிருக்கேன்ல. நீ போய் போட்டோ எடுத்துட்டு வா. போட்டோல பாக்குறதுக்கு வாசல் எதுக்கு?"

தங்கை போனில் அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிக் காட்டிப் பார்த்தார்கள். அப்பா பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு, "இது மூக்கா, ஜன்னலா?" என்று கேட்டார். பெரிதாக்கப் பெரிதாக்க அந்தப் படங்கள் கரைத்த மாவாகக் கலங்கின. நல்ல கேமராவில் எடுத்து, முகம் சாப்பாட்டுத் தட்டைவிடப் பெரிதாக வரும்படி சுவர் அளவுக்கு அச்சடித்தால், கறையின் ஓரமாக எட்டிப் பார்த்து அவரால் ஆளைத் தெரிந்துகொள்ள முடியும் என்றார் டாக்டர். தீவில் ஸ்டூடியோ கிடையாது. அக்கம்பக்கத்தில் இரவல் கேட்டதில், பீரோக்களிலிருந்து நான்கு பழைய கேமராக்கள் வெளியே வந்தன. நான்கிலும் பேட்டரி வீங்கி, லென்ஸில் பூஞ்சை படர்ந்திருந்தது. கப்பலுக்கு இன்னும் பத்தொன்பது நாள் இருந்தது. ஒரு கேமரா வாங்க அது எதேஷ்டம் என்று லிஃப்ட்காரர் கணக்குப் போட்டார்.

முதற் கேமராத் தேர்வு நெறிப்படுத்தும் பேரவை ஆறு மாடிக் கட்டடத்தில் இயங்கியது. ஒரு காலத்தில் இந்த ஊர்க்காரர்கள் கண்ட கேமராவையும் வாங்கி, நாலு படம் எடுத்துவிட்டு, பீரோவில் வைத்துப் பூட்டி மனம் நொந்தார்களாம். அந்தத் துயரத்திலிருந்து புதிதாக வருபவர்களைக் காப்பாற்றத்தான் பேரவை பிறந்தது. வாசலில் பித்தளைப் பலகை பளபளத்தது. "இருபத்திரண்டு ஆண்டு சேவை. தவறான கேமரா வாங்கியோர்: ஒருவரும் இல்லை." சரியான கேமரா வாங்கியோர் எத்தனை பேர் என்பதற்குப் பலகையில் இடம் போதவில்லை போலிருக்கிறது.

வரவேற்பில் இருந்த அம்மாள் நாற்பது பக்க மனுவைப் பிரித்து வைத்துக்கொண்டு கேட்டார். "யாரை எடுக்கப்போறீங்க?"

"என் தங்கச்சியையும் அவ பொண்ணையும்."

"அசைவாங்களா?"

"உயிரோட இருக்காங்கம்மா. அசையத்தான் செய்வாங்க."

"அப்போ அசைவன பிரிவு, மூணாவது மாடி. எந்த இடத்துல வச்சு?"

"ஒரு தீவுல."

"பின்னால கடல் தெரியுமா?"

"தெரியலாம்."

அம்மாள் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "கடல் தெரிஞ்சா இயற்கைக் காட்சி, அஞ்சாவது மாடி. ஆளும் கடலும் சேந்து வந்தா கூட்டுக் குழு. கூட்டுக் குழு கூடாது."

"ஏன்?"

"மூணாவது மாடிக்கும் அஞ்சாவது மாடிக்கும் பேச்சுவார்த்தை இல்ல."

"கடலே தெரியாம எடுத்துக்கறேம்மா. சுவத்தோரமா நிக்க வச்சு எடுத்துக்கறேன்."

"இப்படி முன்கூட்டியே ஒத்துழைக்கிறவங்கள நான் பாத்ததே இல்ல" என்று அம்மாள் மனதாரப் பாராட்டி, மனுவின் மேல் 'கடல் இல்லை' என்று சிவப்பு மையில் எழுதினார்.

மூன்றாவது மாடிக்கு லிஃப்ட் வேலை செய்யவில்லை. வேலை செய்யாது என்ற அறிவிப்புக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டிருந்தார்கள். தொழில் பழக்கத்தில் கை சும்மா இருக்கவில்லை. லிஃப்ட்காரர் பொத்தான் பலகையைக் கழற்றிப் பார்த்தால் ஒரே ஒரு ஒயர் விடுபட்டிருந்தது. ஐந்து நிமிடத்தில் மாட்டிவிட்டார். லிஃப்ட் மேலே போன சத்தத்தைக் கேட்டு ஓர் அதிகாரி படிகளில் உருண்டு புரண்டு ஓடிவந்தார்.

"யாருய்யா இதச் சரி பண்ணச் சொன்னது? ஏறி வர்றவங்களுக்கு எவ்வளவு மூச்சு வாங்குதுன்னு பாத்துதான் கேமராவப் பிடிக்கிறப்போ கை ஆடுமா ஆடாதான்னு முடிவு பண்றோம். இருபத்திரண்டு வருஷ ஆராய்ச்சி. ஒரே ஒயர்ல கெடுத்துட்டியே!"

ஒயரை மறுபடி பிடுங்கிவிட்டு, வருத்தம் தெரிவித்து எழுதிக்கொடுத்து, அதற்கு ஒப்புதல் வாங்குவதில் மூன்று நாள் போயிற்று. இருபத்தாறு வருடத்தில் நன்றாக ஓடுகிற லிஃப்டை அவர் கெடுத்தது அதுதான் முதல் தடவை.

மூன்றாவது மாடியில் இரண்டு அதிகாரிகள் முதுகோடு முதுகு ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் உள்ளே கண்ணாடி வைத்த கேமராவின் ஆதரவாளர். மற்றவர் கண்ணாடி இல்லாத கேமராவின் ஆதரவாளர். இருவரும் நேருக்கு நேர் பேசி ஒன்பது வருடம் ஆகிவிட்டதால், ஒருவர் சொல்வதை விண்ணப்பதாரர்தான் மேசையைச் சுற்றிக்கொண்டு போய் அடுத்தவரிடம் சொல்ல வேண்டும்.

"கண்ணாடி இல்லாத கேமராவுல பாக்குறது டிவி பாக்குற மாதிரின்னு நான் சொன்னேன்னு அவர்கிட்ட சொல்லுங்க."

லிஃப்ட்காரர் சுற்றிப் போய்ச் சொன்னார்.

"கண்ணாடி உள்ளத பயணத்துக்குத் தூக்கிட்டுப் போறவன், கூடவே ஒரு கழுதையையும் கூட்டிட்டுப் போகணும்னு நான் சொன்னேன்னு சொல்லுங்க."

அதையும் சுற்றிப் போய்ச் சொன்னார். நடுவில் அவர் ஒரே ஒரு தடவை தன் சார்பாகவும் ஒரு வாக்கியம் பேசிப் பார்த்தார். "சார், எனக்கு ரெண்டு மூஞ்சி தெளிவா வந்தா போதும். எது சீக்கிரம் கிடைக்குமோ அதக் குடுங்க. எங்கப்பாவுக்கு நாள் இல்ல."

இரண்டு அதிகாரிகளும் அன்றைக்குத்தான் முதல்முறையாக ஒரே கருத்துக்கு வந்தார்கள். அவசரப்படுகிறவருக்குத் தேர்வு மனம் இல்லை என்று தனித்தனியாகக் குறிப்பு எழுதினார்கள். பதினைந்து நாள் அவர் அந்த மேசையைச் சுற்றினார். கோவிலைச் சுற்றியிருந்தால் வேண்டுதலாவது நிறைவேறியிருக்கும். பதினாறாவது நாள் கப்பல் தேதியைச் சொல்லிக் கெஞ்சினார், நாற்பத்தொன்பது வயதில், கண்ணில் தண்ணீரோடு.

"கப்பல் அடுத்த மாசமும் போகும் சார்" என்றார் கண்ணாடிக்காரர். "தவறான கேமரா வாங்கிட்டா வாழ்க்கையே போயிடும். உங்க நல்லதுக்குத்தான் சொல்றோம்."

கப்பல் போய்விட்டது. அன்று சாயங்காலம் அப்பா கூடத்துக் கடிகாரத்துக்கு நேரே நின்று, முகத்தை ஒருக்களித்து, மணி என்னவென்று கேட்டார். போன வாரம்வரை அவர்தான் அந்த வீட்டில் எல்லோருக்கும் மணி சொல்லிக்கொண்டிருந்தவர். லிஃப்ட்காரரின் மனைவி சமையலறைக்குள் நின்றுகொண்டு, "துணி துவைக்கிற மிஷின என்னக் கேக்காம வாங்கிட்டு வந்து இறக்குனீங்களே, அப்போ எந்தப் பேரவை வந்துச்சு?" என்றார். அது கோபம் இல்லை. மாமனாரின் டம்ளரை அவர் கை போகும் இடத்துக்கு நகர்த்தி வைத்துவிட்டு வந்து சொன்ன பேச்சு அது.

மறுநாள் ஆறாவது மாடியில் தலைவரைப் பார்க்க அனுமதி கிடைத்தது. தலைவர் பஞ்சு மெத்தை போன்ற மனிதர். எதைச் சொன்னாலும் உள்வாங்கிக்கொள்வார், பள்ளம் உடனே நிரம்பிவிடும். லிஃப்ட்காரர் அப்பாவின் கண்ணைப் பற்றி, தீவைப் பற்றி, தங்கையைப் பற்றி எல்லாம் சொல்லி முடித்தார். தலைவர் கண்ணை மூடிக் கேட்டுவிட்டுப் பேசினார்.

"தம்பி, கேமரா முக்கியமே இல்ல. பார்வைதான் முக்கியம். நல்ல கேமரா இருந்தா நல்ல படம் வரும்னு நினைக்கிறது, நல்ல அடுப்பு இருந்தா பசிக்கும்னு நினைக்கிற மாதிரி. பார்வை வந்த பிறகு கேமரா வாங்கணும். பார்வை வந்துடுச்சுன்னு வைங்க, அப்புறம் கேமராவே தேவைப்படாது. அதனால எப்படிப் பாத்தாலும் இப்ப வாங்குறது தப்பு."

"ஐயா, எனக்குப் பார்வை இருக்கு. அவருக்குத்தான் போயிட்டு இருக்கு."

"உங்க உணர்ச்சி எனக்குப் புரியுது. இதே உணர்ச்சிய படத்துல கொண்டுவரணும்" என்றார் தலைவர். பிறகு அலமாரியைத் திறந்து, மரத்தில் செதுக்கிய ஒரு கேமராவை எடுத்து நீட்டினார். லென்ஸ் இருந்த இடத்தில் வட்டமாகக் கறுப்புச் சாயம். பொத்தானும் மரம், திருகும் மரம். எடை மட்டும் நிஜக் கேமராவின் எடை. "பயிற்சிப் பெட்டி. இருபது நாள்ல நூறு படம் எடுங்க. ஒவ்வொரு படத்தையும் பத்தி நோட்டுல எழுதுங்க. தேர்வுக் குழு பாக்கும்."

"இதுல படம் விழாதே ஐயா?"

"விழாது. அதனாலதான் ஒரு படமும் கெட்டுப்போகாது."

லிஃப்ட்காரர் அந்தக் கட்டையைத் தூக்கி எறிந்துவிட்டு வந்திருக்க வேண்டும் என்று நீங்கள் சொல்வீர்கள். நானும் சொல்வேன். அவர் எறியவில்லை. அடுத்த கப்பலுக்கு இருபத்தேழு நாள் இருந்தது. இருபது நாளில் முடித்துவிட்டால் ஏழு நாள் கையில் நிற்கும் என்பதுதான் அவர் மண்டையில் ஓடியது. மாட்டிக்கொண்டவன் கதவைத் தட்டிக்கொண்டேதான் இருப்பான், அது அவருக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த விஷயம்.

படம் எடுக்க வீட்டில் அப்பாதான் இருந்தார். விஷயத்தைச் சொன்னதும் அவர் இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு, தலையை வாரிக்கொண்டு, ஜன்னலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். தினமும் வேலையிலிருந்து மகன் திரும்பும்போது தயாராக உட்கார்ந்திருப்பார்.

"சிரிக்கட்டுமா?"

"சிரிங்கப்பா."

"எடுத்தியா? சத்தமே வரலையே."

"மரம்பா."

"அப்போ நீ வாயால சொல்லு. எப்போ சிரிப்ப நிறுத்துறதுன்னு தெரிய வேணாமா?"

மகன் "டக்" என்றார். அப்பா சிரிப்பை நிறுத்தினார். மனைவி கதவருகே நின்று பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். நோட்டில் லிஃப்ட்காரர் உள்ளது உள்ளபடி எழுதினார். 'படம் 12. அப்பா. என்னைப் பார்க்கிறார்.' 'படம் 27. அப்பா. என் தோளைப் பார்க்கிறார்.' 'படம் 41. அப்பா. இடது பக்கம் பார்த்துச் சிரிக்கிறார். நான் வலது பக்கம் நிற்கிறேன்.' நாற்பத்தொன்றுக்குப் பிறகு கொஞ்ச நாள் அவரால் பெட்டியைக் கண்ணருகே கொண்டுபோக முடியவில்லை. சும்மா உட்கார்ந்தபடியே டக், டக் என்று சொல்லி நூறை நிரப்பினார்.

தேர்வுக் குழுவில் மூன்று பேர். நோட்டை நடுவில் வைத்து, இல்லாத படங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்தார்கள். பன்னிரண்டாம் படத்தில் தலைக்கு மேல் இடம் அதிகம் என்றார் ஒருவர். இருபத்தேழில் ஜன்னல் வெளிச்சம் கன்னத்தை எரித்துவிட்டது என்றார் அடுத்தவர். மூன்றாமவர் நாற்பத்தொன்றாம் பக்கத்தில் நின்றுவிட்டார்.

"அற்புதம்" என்றார் கடைசியில். "பாக்குறவர் ஒரு பக்கம், பாக்கப்படுறவர் ஒரு பக்கம். நடுவுல எவ்வளவு காலி இடம்! இந்தக் கோணத்த எங்க கத்துக்கிட்டீங்க?"

"கத்துக்கல சார். அவருக்கு நான் எங்க நிக்கிறேன்னு தெரியல."

"அடக்கமும் இருக்கு" என்று மூன்றாமவர் குறித்துக்கொண்டார்.

நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு மதிப்பெண். பேரவையின் வரலாற்றிலேயே அதிகம். நாற்பத்தொன்றாம் படத்தை முன்மண்டபத்தில் வைப்பதென்று அந்த இடத்திலேயே தீர்மானம் போட்டு, ஆணி அடித்து, வேலைப்பாடு மிக்க ஒரு வெறும் சட்டத்தை மாட்டிக் கைதட்டினார்கள். லிஃப்ட்காரரும் கைதட்டினார். கப்பலுக்கு நாலு நாள் இருந்தது. கைதட்டினால் கடுதாசி வருமென்றால் அவர் தோப்புக்கரணமே போட்டிருப்பார்.

"அப்போ கடுதாசி, ஐயா?"

"ஒரே ஒரு கட்டம் பாக்கி" என்றார் தலைவர். "எடுக்கிறவரோட தகுதி நிரூபணம் ஆயிடுச்சு. படத்தப் பாக்கப்போறவரோட தகுதி? உங்க அப்பாவ நாளன்னிக்குக் கூட்டிட்டு வாங்க. பார்வைச் சோதனை."

லிஃப்ட்காரர் வீட்டுக்குப் போய் எப்படிச் சொல்வதென்று தெரியாமல் சொன்னார். அப்பா கலங்கவில்லை.

"கண் டெஸ்டா? லைசென்சுக்கு முப்பத்திரண்டு வருஷம் குடுத்திருக்கேன். கடைசி அஞ்சு வருஷம் பலகையப் பாத்தா படிச்சேன்? எல்லாம் மனப்பாடம். போர்டு எங்க இருக்குன்னு மட்டும் காட்டு. மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

லிஃப்ட் ஓடாத கட்டடத்தில், அப்பா மகன் தோளைப் பிடித்தபடி ஆறு மாடி ஏறினார். ஒவ்வொரு மாடியிலும் நின்று சட்டையை இழுத்து விட்டுக்கொண்டார். தலைவர் நீளமான ஒரு குச்சியை எடுத்துக்கொண்டு, அவரை ஒரு கோட்டின் மேல் நிறுத்தினார்.

"எதிர்ல சுவத்துல என்ன இருக்குன்னு சொல்லுங்க."

மகன் வாயைத் திறப்பதற்குள் அப்பா ஆரம்பித்துவிட்டார். நெஞ்சை நிமிர்த்தி, கணீரென்ற குரலில், "முதல் வரி: ம. ரெண்டாவது வரி: ட, ப. மூணாவது வரி: க, ய, ந. நாலாவது: வ, ர, ல, ச. அஞ்சாவதும் சொல்லணுமா? கொஞ்சம் சின்ன எழுத்து. பரவாயில்ல, சொல்றேன்" என்று ஒரு எழுத்தும் பிசகாமல் ஒப்பித்தார். முடித்துவிட்டு, பாஸாகிவிட்ட முகத்தோடு மகன் நிற்கும் பக்கம் என்று நினைத்த பக்கம் திரும்பிச் சிரித்தார்.

தலைவர் தொண்டையைச் செருமினார்.

"பெரியவரே, அங்க எழுத்துப் பலகை எதுவும் இல்ல. அது எங்க நிறுவனரோட உருவப்படம்."

அப்பாவின் சிரிப்பு உடனே போய்விடவில்லை. எப்போது நிறுத்துவதென்று தெரியாமல் முகத்திலேயே நின்றது. மகனுக்கு அங்கேயே செத்துவிடலாம் போலிருந்தது.

"போட்டோவா?" என்று அப்பா கேட்டார்.

"ஓவியம். நிறுவனர் கடைசி மூச்சுவரைக்கும் எந்தக் கேமரான்னு முடிவு பண்ணல. அவ்வளவு பொறுப்பான மனுஷர்."

"நீங்க என்ன கேமரா வச்சிருக்கீங்க?"

"நானா?" தலைவர் முகம் மலர்ந்தது. இந்தக் கேள்வியை யாராவது கேட்க வேண்டுமென்று காத்திருந்தவரைப் போலப் பேசினார். "நானும் தேடிக்கிட்டுத்தான் இருக்கேன். முப்பத்தோரு வருஷம். இன்னும் ஒரு படம்கூட எடுக்கல. எடுத்திருந்தா தப்பான கேமராவுல எடுத்திருப்பேன் இல்லையா? அந்தப் பாவத்துலேர்ந்து தப்பிச்சேன். இப்ப ஓரளவு தெளிவு வந்திருக்கு. எதெல்லாம் வேணாம்னு தெரிஞ்சிருக்கு. என் சம்சாரம் போன வருஷம் போயிட்டாங்க. கல்யாண நாள்லேர்ந்து 'என்ன ஒரு படம் எடுங்க'ன்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்க. அவசரப்பட்டுட்டு அப்புறம் வருத்தப்படக்கூடாதுன்னு நான் உறுதியா இருந்துட்டேன்."

அவர் குரல் கொஞ்சமும் பிசிறவில்லை. மேசையிலிருந்து தீர்ப்பை எடுத்து வாசித்தார். படத்தைப் பார்க்கவிருப்பவருக்குப் பார்வை இன்மையால், படத்துக்குத் தேவை இன்மையும், படத்துக்குத் தேவை இன்மையால் கேமராவுக்குத் தேவை இன்மையும் ஐயமற நிறுவப்பட்டு, கோப்பு முடித்து வைக்கப்படுகிறது. வாசித்துவிட்டு எழுந்து வந்து, லிஃப்ட்காரரின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"வாழ்த்துகள். நீங்களும் தவறான கேமரா வாங்கல."

வெளியே வந்ததும் அப்பா நடைபாதையில் நின்றுவிட்டார். மகன் என்னென்னவோ பேசினார். மேல்முறையீடு செய்யலாம் என்றார், வெளியூரில் விசாரிக்கலாம் என்றார், தலைவரின் சட்டையைப் பிடித்திருக்க வேண்டும் என்றார். பதறாத குரல் என்று சொன்னேனே, அது அன்றைக்கு எங்கே போயிற்றோ. அப்பா அவரைப் பேசவிட்டுவிட்டுக் கேட்டார்.

"கப்பல் என்னிக்கு?"

"நாளன்னிக்குக் காலைலப்பா."

"எனக்கும் ஒரு டிக்கெட் போடு."

"அவ வாசலை மிதிக்கமாட்டேன்னு..."

"வாசல் எங்க இருக்குன்னே தெரியாம மிதிச்சா அது மிதிச்சதாகாது. போடுடா. அந்தாளு பொண்டாட்டி கதையக் கேட்டல்ல."

கப்பலில் முதல் நாள் அப்பா மேல்தளத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "கடல் தெரியுதுடா, ஓரத்துல நல்லாவே தெரியுது" என்றார். தங்கை இப்போதும் ஒல்லியா, கண்ணாடி போட்டிருக்கிறாளா, குழந்தை யார் ஜாடை என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்தார். இரண்டாம் நாள் கேள்விகள் குறைந்தன. மூன்றாம் நாள் அவர் மேல்தளத்துக்கு வரவில்லை. படுக்கையில் உட்கார்ந்து, கையை முகத்துக்கு நேரே நீட்டுவதும் மடக்குவதுமாக இருந்தார். மகன் உள்ளே வந்ததும் கையை மடியில் வைத்துக்கொண்டார்.

கப்பல் தீவை அடைந்தபோது உச்சி வெயில். தொழிற்சாலையில் வேலை முறை மாறும் நேரம். வெள்ளைக் கோட்டும் வெள்ளைத் தொப்பியுமாகப் பெண்கள் துறைமுகப் பாலத்தின் வழியே கூட்டமாக வந்துகொண்டிருந்தார்கள். சிலர் கப்பலில் வரும் சொந்தக்காரர்களுக்காக நின்றார்கள். அப்பா மகனின் கையை உதறினார். இத்தனை வருடத்துக்கு அப்புறம் பிடித்துக் கூட்டிவந்த ஆளாகப் போய் நிற்க அவருக்குப் பிடிக்கவில்லை. பஸ்ஸிலிருந்து இறங்கும் டிரைவர் நடையில் விடுவிடென்று போய், எதிரே நின்ற முதல் வெள்ளைக் கோட்டின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அம்மாடி" என்றார். "நீ கொஞ்சம்கூட மாறல. அப்படியே இருக்க."

அந்தப் பெண் யாரோ. பயந்துபோய்ச் சுற்றிலும் பார்த்தாள். ஆனாலும் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

நாலு அடி தள்ளி, அதே வெள்ளைக் கோட்டில் குழந்தையைப் பிடித்துக்கொண்டு நின்ற தங்கை, "அப்பா, நான் இங்க இருக்கேன்" என்றாள்.

அப்பா குரல் வந்த பக்கம் திரும்பினார். முகத்தை இடப்பக்கம் சாய்த்துப் பார்த்தார், வலப்பக்கம் சாய்த்துப் பார்த்தார். எட்டி, ஒதுங்கி, குனிந்து, தனக்குத் தெரிந்த எல்லா வழியிலும் பார்த்தார்.

"இன்னும் கொஞ்சம் வெளிச்சத்துக்கு வாம்மா" என்றார்.

அவள் தொப்பியைக் கழற்றிக்கொண்டு, குழந்தையையும் தூக்கிக்கொண்டு, அவருக்கு ஒரு சாண் தூரத்தில் வந்து நின்றாள். அவள் கண் கூசியது. குழந்தை கையால் வெயிலை மறைத்துக்கொண்டது.

"இங்க வெளிச்சமே இல்லையே" என்றார் அப்பா.

சற்று நேரம் கழித்து, அப்பாவை நிழலில் ஒரு பெட்டியின் மேல் உட்கார வைத்துவிட்டு, தங்கை அண்ணனிடம் வந்தாள். அழுது முடித்திருந்தாள். அவளுக்கு ஒரு விஷயம் மட்டும் தெரிந்தாக வேண்டியிருந்தது.

"போன மாசக் கப்பல்ல வந்திருந்தா என்னத் தெரிஞ்சிருக்குமா?"

"தெரிஞ்சிருக்கும்."

"அப்புறம் ஏண்ணா வரல?"

லிஃப்ட்காரர் பதில் சொல்லப் பார்த்தார். மேசையைச் சுற்றியதை, கைதட்டியதை, எல்லாவற்றையும் சேர்த்து ஒரு வாக்கியமாக்கப் பார்த்தார். அவருக்குக் கிடைத்தது இவ்வளவுதான்.

"எந்தக் கேமரா நல்லதுன்னு பாத்துக்கிட்டிருந்தோம்மா" என்றார்.